இதை உங்களுக்கு யார் சொன்னது? – இணையக் கலைக்களஞ்சியமும் கலந்துவிட்ட பொய்களும் (ஜும்ஆ உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

ஹுஜுராத் சூராவின் 6ஆவது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். பாவி ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதை விசாரித்துத் தெளிவாக்கிக்கொள்ளுமாறு அல்லாஹ் ஈமான் கொண்டவர்களுக்குக் கட்டளையிடுகிறான். இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறான். இந்த வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். செய்தி கொண்டு வந்தவனை அல்ல, செய்தியைக் கேட்டவர்களைப் பார்த்துப் பேசுகிறது. பொய் சொன்னவனுக்குத் தனிக் கணக்கு உண்டு. விசாரிக்காமல் நம்பியவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. இன்றைய உரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. அதில் என் பெயரும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்

விக்கிப்பீடியாவை அறியாதவர் நம்மில் குறைவு. பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டுரை எழுத அதைத்தான் திறக்கிறார்கள். செல்போனில் ஒரு பெயரைத் தேடினால் முதல் வரிசையில் அதுதான் வருகிறது. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம், எதிர்வீட்டுப் பையனும் எழுதலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் புதிய கணினி நிரல்களும் அதைப் படித்துத்தான் பல விஷயங்களைக் கற்றிருக்கின்றன.

இதில் பெரிய நன்மை உண்டு. அறிவைப் பூட்டி வைக்காமல் பகிர்வது அமல்தான். ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தால் பொய்யனும் அதே வழியாகத்தான் நுழைவான். அப்படி நுழைந்த சிலவற்றைச் சொல்கிறேன். உலகப் பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகள்தான் இவை.

2005 மே மாதம், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி அதில் ஒரு பக்கம் எழுதப்பட்டது. ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் அவருக்குப் பங்கு இருப்பதாக ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. உண்மை என்ன தெரியுமா? அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். தான் சுமந்து சென்று அடக்கம் செய்த மனிதரைக் கொன்றவர் என்ற பழி, 78 வயதில் அவர் மேல் விழுந்தது. நான்கு மாதத்திற்கும் மேலாக அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. எழுதியவர் பிறகு முன்வந்து மன்னிப்புக் கேட்டார். கூட வேலை பார்ப்பவரிடம் வேடிக்கை காட்டுவதற்காக எழுதினேன் என்றார். வேடிக்கை!

மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுகிறவனுக்குக் கேடுதான் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. ஒருவனுக்குச் சிரிப்பு, இன்னொருவனுக்கு மானம். நாம் அனுப்பும் ‘ஃபார்வர்டு’ எத்தனை பேருடைய மானத்தைச் சுமந்து போகிறது என்று யோசித்திருக்கிறோமா?

நடக்காத போர்

இன்னொன்று நம் நாட்டைப் பற்றியது. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில், கோவாவில் 1640-41இல் போர்த்துக்கீசியர்களுக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த ‘பிச்சோலிம் போர்’ பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. போரின் காரணம், படைகளின் நகர்வு, முடிவில் சமாதான உடன்படிக்கை, கீழே புத்தகங்களின் பெயர்கள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. தரமான கட்டுரை என்ற முத்திரையும் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் அது இருந்தது. 2012 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

எப்படி மாட்டியது? பங்களிப்பவர் ஒருவர் கீழே கொடுத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். முக்கியமான புத்தகங்கள் எதுவுமே உலகில் இல்லை. புத்தகமும் கற்பனை, எழுதியவரும் கற்பனை, போரும் கற்பனை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். 1640இல் அவர் பத்து வயதுப் பிள்ளை. அந்த ஆண்டில் போர் செய்ய மராட்டியப் பேரரசு எங்கே இருந்தது? பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் போதும் இதைக் கண்டுபிடிக்க. ஆனால் கட்டுரை நீளமாக இருந்தது, அழகாக இருந்தது, கீழே ஆதாரங்கள் வரிசையாக இருந்தன. படித்தவர்களின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

விக்கிப்பீடியாவின் பொய்ப் பக்கங்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓர் உண்மைப் பக்கத்தையும் ஒரு பொய்ப் பக்கத்தையும் அருகருகே வைத்து எது பொய் என்று மக்களிடம் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நூற்றுக்கு 50 சரியாகிவிடும். பார்த்துச் சொன்னவர்கள் எடுத்தது 66தான். பக்கத்தின் தோற்றத்தை மட்டும் பாராமல் எழுதியவரின் கணக்கு எவ்வளவு பழையது, மற்றப் பக்கங்களில் இந்தப் பெயர் முன்பே வந்திருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்த கணினி நிரல் 86 எடுத்தது. பொய் நீளமாகவும் ஒழுங்காகவும் இருந்தால் மனிதன் ஏமாறுகிறான்.

நம் முன்னோர்கள் பிடித்த விதம்

சகோதரர்களே! கல்லூரியில் உஸூலுல் ஹதீஸ் ஓதியபோது, இந்தச் சட்டங்களெல்லாம் கிதாபுக்குள் இருப்பவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தச் செய்திகளைப் படித்த பிறகுதான், நம் முஹத்திஸீன்கள் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு எந்த வேலையைச் செய்தார்கள் என்று புரிந்தது.

கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களின் காலத்தில், பக்தாதில் ஒரு பழைய கடிதத்தைக் கொண்டு வந்தார்கள். கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரி கிடையாது என்று நபி (ஸல்) அவர்களே எழுதிக் கொடுத்த கடிதம் என்றார்கள். சாட்சிகளாக ஸஹாபாக்களின் பெயர்களும் இருந்தன. மந்திரி அதை கதீப் அவர்களிடம் காட்டினார். பார்த்துவிட்டு, இது பொய் என்றார்கள். எப்படி என்று கேட்டபோது சொன்ன பதில் இதுதான்: இதில் முஆவியா (ரழி) அவர்களின் சாட்சி இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் நடந்தது ஹிஜ்ரி 7இல். இதில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் சாட்சியும் இருக்கிறது. அவர்கள் அகழ்ப் போருக்குப் பிறகு ஹிஜ்ரி 5இலேயே வஃபாத்தாகிவிட்டார்கள்.

ஒருவர் இன்னும் இஸ்லாத்திற்கு வரவில்லை, மற்றவர் கப்ரில் இருக்கிறார். இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! பத்து வயதுப் பிள்ளைக்குப் பேரரசு கொடுத்த கதையும் இதுவும் ஒரே பொய்தான். அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையில் எடுத்தபோது நாங்கள் வரலாற்றைக் கையில் எடுத்தோம் என்ற கருத்தில் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு சம்பவம். குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் தனித்தனிச் சிறப்பு என்று ஒரு நீண்ட ஹதீஸ், உபய் இப்னு கஅப் (ரழி) அவர்கள் பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது. முஅம்மல் இப்னு இஸ்மாயீல் (ரஹ்) அதைக் கேட்டதும், இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள். மதாயினில் ஒருவர், இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று பதில் வந்தது. மதாயின் போனார்கள். அவர் வாஸித்தில் ஒருவரைக் காட்டினார். வாஸித் போனார்கள். அவர் பஸராவைக் காட்டினார். பஸரா போனார்கள். அவர் அப்பாதானைக் காட்டினார். அங்கும் போனார்கள். ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது, நடுவில் ஒரு பெரியவர். அவரிடமும் அதே கேள்வி. அவர் சொன்னார்: எனக்கு யாரும் சொல்லவில்லை. மக்கள் குர்ஆனை விட்டு விலகுவதைப் பார்த்தோம். அவர்களின் மனம் குர்ஆன் பக்கம் திரும்பட்டும் என்று நாங்களே உருவாக்கினோம்.

ஒட்டகத்தில் ஊர் ஊராக முஅம்மல் அவர்கள் போனார்கள். இன்று ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பைத் தட்டினால் போதும், அடுத்த ஊருக்குப் போய்விடலாம். நாம் தட்டுவதில்லை.

நல்லதற்காகச் சொன்ன பொய்

அந்தப் பெரியவரின் நிய்யத்தைப் பாருங்கள். குர்ஆன் மேல் உள்ள பிரியம்! நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரும் இதே காரணத்தைச் சொன்னதாக ஹதீஸ் கலைக் கிதாபுகளில் இருக்கிறது. கர்ராமிய்யாக்களில் சிலர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். நபியின் மீது பொய் சொல்வதைத்தானே தடுத்தார்கள், நாங்கள் நபிக்காகப் பொய் சொல்கிறோம் என்றார்கள். உலமாக்கள் ஏற்றார்களா? நபியின் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற எச்சரிக்கை முதவாத்தரான ஹதீஸ். மார்க்கம் முழுமையாகிவிட்டது, அதற்கு நம் பொய்யின் உதவி தேவையில்லை என்று அந்த வாதத்தைத் தள்ளினார்கள்.

பொய் நல்ல எண்ணத்தில் தொடங்கலாம், சின்னதாகவும் தொடங்கலாம். ஆனால் அங்கே நிற்காது. சீன விக்கிப்பீடியாவில் ஒரு பெண் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மத்திய கால ரஷ்ய வரலாற்றைப் பற்றி எழுதி வந்தார். ரஷ்ய வரலாறு படித்தவர், தூதரக அதிகாரியின் மகள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். ஒரு நாவலாசிரியர் தன் கதைக்காக அங்கே ஒரு வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிப் படித்தார். ரஷ்ய மொழி தெரிந்தவர்களிடம் விசாரித்தால், அப்படி ஒரு புத்தகமும் இல்லை, பக்கமும் இல்லை. 2022 ஜூனில் உண்மை வெளிவந்தது. 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் கற்பனை கலந்தவை. வேறு பெயர்களில் கணக்குத் திறந்து தன்னைத் தானே ஆமோதித்தும் இருக்கிறார். அவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த இல்லத்தரசி தான் என்றும், மூல நூல் புரியாத இடத்தில் சொந்தமாக நிரப்பத் தொடங்கியதாகவும், ஒரு பொய்யை நிறுத்தி வைக்க அடுத்தடுத்துப் பொய் தேவைப்பட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

புரியாத இடத்தை நிரப்புவது! மிம்பரில் நிற்பவர்களே, பயான் செய்பவர்களே, நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம்?

பொய் ஆதாரமாக மாறும் வழி

தென் அமெரிக்காவில் கோட்டி என்று ஒரு பிராணி இருக்கிறது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக, இதற்குப் ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்த்தார். அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆனால் பத்திரிகைகள் அதைப் பார்த்து எழுதின. புத்தகங்களிலும் ஏறியது. பிறகு, இந்தப் பெயருக்கு ஆதாரம் என்ன என்று கேட்டபோது, அந்தப் பத்திரிகைச் செய்தியையே விக்கிப்பீடியாவின் அடியில் ஆதாரமாகப் போட்டார்கள். பொய் தன் பேரனைக் கூட்டி வந்து தனக்குச் சாட்சி சொல்ல வைத்தது.

இன்னொரு பொய், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வணங்கும் ஒரு தெய்வத்தின் பெயர் என்று 2005இல் சேர்க்கப்பட்டது. 2015இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் அச்சிட்ட புத்தகம் ஒன்றிலும் அந்தப் பெயர் ஏறிவிட்டது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள், ஒரு சமுதாயம் அறியாத ஒன்றை அந்தச் சமுதாயத்தின் நம்பிக்கை என்று உலகம் படித்தது. நம்மைப் பற்றி ஒருவன் இப்படி எழுதினால் பொறுப்போமா? அடுத்தவரின் நம்பிக்கையைப் பற்றிப் பொய் எழுதுவதும் பொய்தான், அநீதிதான்.

நீக்குவதிலும் நீதி வேண்டும்

இப்படிப்பட்ட பொய்களை நீக்குவதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். புதிய பக்கங்களைப் பார்வையிடுகிறார்கள். ஒரு வரிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் ‘மேற்கோள் தேவை’ என்று குறிப்பு வைக்கிறார்கள். பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் எந்த வரி எந்த நாளில் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியும். நம் மொழியில் சொன்னால் அதுதான் அந்த வரியின் ஸனது. சந்தேகம் இருந்தால் உரையாடல் பக்கத்தில் பேசுகிறார்கள். பொய் வெளிப்படையாக இருந்தால் உடனே நீக்குகிறார்கள். நீக்கியதோடு நிற்காமல், பிடிபட்ட பொய்களுக்கு ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தேடித் தொகுத்து ‘அல்மவ்ளூஆத்’ என்று கிதாபு எழுதியதும் இதே காரணத்திற்காகத்தான். விஷப் புட்டியை வெறுமனே எறிந்தால் போதாது, அதன் மேல் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற விஞ்ஞானியைப் பற்றி எழுதி அனுப்பிய பக்கத்தை, போதிய ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவில் ஏற்க மறுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொய்யை உண்மை என்பதும் தவறு, உண்மையைத் தள்ளிவிடுவதும் தவறு. இப்னுல் ஜவ்ஸீ அவர்களும் சில ஹதீஸ்களில் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று பின்னால் வந்த இமாம்கள் மரியாதையோடு திருத்தியிருக்கிறார்கள். தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்வதும் இல்முதான்.

ஆதாரம் கேட்டால் கோபப்படக் கூடாது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் உமர் (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்து மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அப்படித்தான் கற்றுத் தந்தார்கள் என்றார்கள். சாட்சி கொண்டு வாருங்கள் என்றார்கள் உமர் (ரழி). யாரிடம்? பெரிய ஸஹாபியிடம்! அபூஸயீத் அல்குத்ரீ (ரழி) வந்து சாட்சி சொன்னார்கள். அந்த மஜ்லிஸில் வயதில் சிறியவர் அவர்தான். உமர் (ரழி) அவர்கள் சந்தேகத்தால் கேட்கவில்லை, பேணுதலுக்காகக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறியவரின் சாட்சி ஏற்கப்பட்டது.

என் மீதுள்ள கடன்

இனி என் கணக்கிற்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வலில் இதே மிம்பரில் நின்று, நம் பள்ளிவாசல் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது, தாபியீன்கள் தொழுத இடம் என்று நான் பேசினேன். உங்களில் பலர் கண் கலங்கினீர்கள். நானும் கலங்கினேன். இதை எங்கே எடுத்தேன்? நம்மூரைப் பற்றிய கலைக்களஞ்சியப் பக்கத்தில். எந்தக் கிதாபிலும் பார்க்கவில்லை, யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஜும்ஆ முடிந்து நம் மஹல்லாவின் கல்லூரி மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “ஹழ்ரத், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வரிக்கு ஆதாரம் என்னான்னு பார்த்தீங்களா?” என்றார். அடியில் மலர் ஒன்றின் பெயர் இருக்கிறதே என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவர் செல்போனைக் காட்டினார். ஆதாரம், நம் பள்ளி விரிவாக்கத் திறப்பு விழா மலர். மலரில் அந்தக் கட்டுரையை எழுதிய பெரியவரிடம் அவர் ஏற்கனவே போய்க் கேட்டிருக்கிறார். அவர், “நெட்ல இருந்துச்சு வாப்பா, அதப் பார்த்துத்தான் எழுதுனேன்” என்றிருக்கிறார். பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், மலர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பெயரில்லாத ஒருவர் எந்த ஆதாரமும் இல்லாமல் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். மலர் நெட்டைக் காட்டுகிறது, நெட் மலரைக் காட்டுகிறது. நடுவில் தாபியீன் யாரும் இல்லை.

அந்தத் தம்பி உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதி, நாட்கள் காத்திருந்து, பதில் வராததால் அந்த வரியை நீக்கினார். பிறகு பெரியவர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். “பள்ளியோட கண்ணியத்தை அழிச்சுட்டான் ஹழ்ரத்” என்றார்கள். யாரோ திரும்பச் சேர்த்தார்கள், இவர் திரும்ப நீக்கினார். நம் வாப்பாமார்கள் சொன்னது பொய்யா என்று தெருவில் பேச்சு வந்தது. நான் என்ன செய்தேன்? எதுவும் செய்யவில்லை. வாரங்கள் போயின. மிம்பரில் சொன்னதை மிம்பரிலேயே திருத்த எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் ஸஃப்பில் உட்கார்ந்துகொண்டிருந்த பிள்ளை கடைசி ஸஃப்புக்குப் போனார். துஆவுக்கு முன்பே எழுந்து போனார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கதீப் அல்பக்தாதீ அவர்கள் அந்தக் கடிதத்தின் பொய்யைக் காட்டியவர்கள் என்று சொன்னேனல்லவா? பயான் செய்பவர்கள் யாரும் தம் ஹதீஸை கதீப் அவர்களிடம் காட்டாமல் மக்களுக்குச் சொல்லக் கூடாது என்று அந்த மந்திரி உத்தரவிட்டார் என்றும் படித்தேன். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. என் கதீப் என் அறைக்கே வந்து நின்றார். நான்தான் கதவைச் சாத்தினேன்.

எனவே இன்று சொல்கிறேன். சென்ற ஆண்டு நம் பள்ளிவாசலின் காலத்தைப் பற்றி நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதை நான் திரும்பப் பெறுகிறேன். என் பேச்சைக் கேட்டு வெளியில் சொன்னவர்கள், சொன்ன இடத்திலேயே இதையும் சொல்லிவிடுங்கள். தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியவர்களின் தவ்பாவை ஏற்பதாக அல்லாஹ் பகரா சூராவின் 160ஆவது வசனத்தில் சொல்கிறான். மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள்: தெளிவுபடுத்துவது. பத்துப் பேர் முன்னால் சொன்ன தவறைத் தனி அறையில் திருத்தினால் போதாது.

வாப்பாமார்களைப் பற்றிக் கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாப்பா, உப்பா பழைய செய்தி சொல்லியிருந்தால் அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. செவிவழிச் செய்தி என்று பெயர் வைத்து, யார் சொன்னார் என்று குறித்து வையுங்கள். அது அமானிதம். ஆனால் இந்த வரியை எந்த வாப்பாவும் சொல்லவில்லை. ஹவ்ழுக்குப் பக்கத்தில் நாம் தினமும் கடந்து போகும் கல்லில் ஹிஜ்ரி 1214 என்று செதுக்கியிருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பாங்கு ஒலிக்கும் இடம் இது. அந்தக் கல்லை வைத்தவர்கள் தங்கள் காலத்தை உள்ளபடி எழுதினார்கள். அவர்களின் உண்மைக்கு மேல் நம் பொய்யை ஏற்றுவதுதான் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

நாம் செய்ய வேண்டியவை

நீங்கள் ஒரு செய்தியைப் படிக்கும்போது முதலில் அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள். அந்தப் புத்தகம் உண்மையில் இருக்கிறதா? இருந்தால், அதில் இந்தச் செய்தி இருக்கிறதா? அந்தப் புத்தகமே இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியதா? ஆண்டுகள் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா? இந்த நான்கு கேள்வியில் பெரும்பாலான பொய்கள் விழுந்துவிடும்.

ஒரு மனிதரின் மானமோ, ஒரு சமுதாயத்தின் பெயரோ சம்பந்தப்பட்டிருந்தால் இரண்டு மடங்கு விசாரியுங்கள். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் கிதாபின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே! உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள். விளையாட்டுக்கும் பொய் எழுதாதீர்கள். யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்று சோதிக்கவும் எழுதாதீர்கள். பொய்யைக் கண்டால் காரணத்தை எழுதி, பண்போடு நீக்குங்கள். பெரியவர்களே! நம் ஊரை, நம் பெரியார்களை, நம் ஜமாஅத்தை உயர்த்துகிறேன் என்று இல்லாததை ஏற்றாதீர்கள். இளையவர் ஆதாரம் கேட்டால் உமர் (ரழி) அவர்களின் மஜ்லிஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி இன்றும் கடைசி ஸஃப்பில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். தம்பி, தொழுகை முடிந்ததும் போய்விடாதீர்கள். நான் உங்களிடம் ஸலாம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் முன் ஸஃப்புக்கு வாருங்கள்.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் காட்டி அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! பொய்யைப் பொய்யாகக் காட்டி அதை விட்டு விலகும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் நாவாலும் விரலாலும் பரவிய பொய்களை மன்னித்து, அவற்றைத் திருத்த தௌஃபீக் செய்வாயாக! எங்களில் தவறைச் சுட்டிக்காட்டும் பிள்ளைகளைப் பெருக்குவாயாக! சுட்டிக்காட்டினால் ஏற்றுக்கொள்ளும் மனதை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.